மேல்தளமும் கீழ்த்தளமும்: விமானந் தாங்கிக் கப்பல் நினைவுகள் பற்றிச் சில கருத்துகள்

போர் பற்றி எழுதப்பட்ட நூல்களை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று தளபதிகளின் நூல். மற்றொன்று சிப்பாய்களின் நூல். முன்னையதில் அம்புக்குறி இட்ட தேசப்படங்கள் இருக்கும். பின்னையதில் சோறும் தூக்கமும் இருக்கும். வரலாற்றாசிரியர் பலர் முன்னையதையே நூலெனக் கொண்டு, பின்னையதை முதியோரின் பொழுதுபோக்குப் பேச்செனத் தள்ளி வந்துள்ளனர். இலக்கியத் திறனாய்வாளரும் இவ்விடயத்தில் அவர்களினும் மேலானவர்களாக இருக்கவில்லை. விமானந் தாங்கிக் கப்பல்களிற் பணிபுரிந்தோர் தம் அன்றாட வாழ்வு பற்றி எழுதியும் சொல்லியும் வைத்துள்ள நினைவுகளை முன்வைத்து, இப்போக்குச் சரிதானா என ஆராய்வதே எமது நோக்கம்.

வஹகோட்டையிலிருந்து இப்பொருள் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். மாத்தளை மாவட்டத்தின் இச்சிற்றூரிலிருந்து எத்திசையிற் சென்றாலும் கடல் தொலைவிலேயே உள்ளது. ஆயினும் இவ்வூரின் கதையே கடலோடு தொடர்புடையது. கண்டியரசின் காலத்தில் இங்கு குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் தம்மைப் பற்றிக் கூறுவர். கப்பலேறி வந்தவரின் சந்ததி இன்று சிங்களம் பேசிப் பயிர் செய்து வாழ்கிறது. எமக்கு அண்மையில், கலேவெலையூடாகச் செல்லும் பெருவீதி திருகோணமலைத் துறைமுகத்தில் முடிகிறது. மலையும் கடலும் நாம் நினைப்பதுபோல் அத்துணைத் தூரமானவை அல்ல.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு இந்நினைவுகள் சிலவற்றைத் தமிழிற் சொல்லிக் காட்டியபோது, ஒரு மாணவன் எழுந்து, "சேர், சண்டைக்குள்ளேயும் இவர்கள் சாப்பாட்டைத்தானா நினைத்துக்கொண்டிருந்தார்கள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வினா எம்மை விட்டுப் போகவில்லை. இக்கட்டுரை அம்மாணவனுக்கு அன்று நாம் சொல்லாத விடை.

தமிழ் மரபில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டிலே நப்பூதனார் காட்டும் பாசறையை எண்ணிப் பார்க்க வேண்டும். தழை உண்ண மறுக்கும் யானை. அதனை வடசொற் கூறித் தேற்றும் பாகர். இரவெல்லாம் விளக்கு அவியாது காக்கும் மகளிர். நீர் வட்டிலைப் பார்த்து நேரம் அறிவிக்கும் நாழிகைக் கணக்கர். மன்னனின் பெருமையைப் பாட வந்த புலவர், போரை நடத்துவது மன்னன் மட்டுமல்லன் என்பதைத் தம்மையறியாமலே காட்டிவிடுகிறார். பிற்காலத்துப் பரணியிலோ நிலைமை வேறு. அங்கும் சமையல் உண்டு, சமைப்பவை பேய்கள். வாகை சூடியவனைப் பாடும் ஆர்வத்தில், உண்மையிற் படைக்குச் சோறு வடித்தவன் பாட்டிலிருந்து மறைந்து போகிறான். போர்க்காலத்தின் அன்றாட வாழ்வைப் பாடுவதா, வெற்றியைப் பாடுவதா என்ற கேள்வி எமக்குப் புதியதன்று என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம்.

இனி, கப்பலுக்கு வருவோம்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல் யப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. விமானந் தாங்கிக் கப்பலாகவே தொடக்கந் தொட்டு வரைந்து கட்டப்பட்ட கப்பல்களுள் உலகின் முன்னோடி அது. திருகோணமலையிலிருந்து முதல்நாள் இரவு விரைந்து வெளியேறிய அக்கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அவை கரையிலே விடப்பட்டிருந்தன. எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களின் தாக்குதலில் அது சில நிமிடங்களிற் சாய்ந்தது. இறந்தோர் 307 பேர். 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து மீட்டது. விமானம் இல்லாத விமானந் தாங்கிக் கப்பல்! மேலிருந்து திட்டமிட்டோரின் பிழைக்குக் கீழிருந்து உழைத்தோர் உயிரால் விலை செலுத்தினர்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2003ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை பொதுமக்களிடமிருந்து இரண்டாம் உலகப்போர் நினைவுகளைத் திரட்டிற்று. சேர்ந்தவை ஏறத்தாழ 47,000. அவற்றுள் ஹேர்மிஸ் கப்பலிலிருந்து தப்பியோர் சொன்னவையும் உள. இத்தகைய நினைவுகளிற் பெரும்பாலானவை திட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வெப்ப மண்டலத்து வெயிலில் இரும்புத் தளம் எவ்வாறு காய்ந்தது. வேர்க்குருவால் உடம்பு எவ்வாறு எரிந்தது. கீழறையின் புழுக்கந் தாளாது திறந்த தளத்தில் எவ்வாறு படுத்தனர். நன்னீர் கொதிகலனுக்கு முதலிலும் மனிதனுக்குப் பிறகும் என்றிருந்ததால் உப்புநீரில் எவ்வாறு குளித்தனர். நண்பகலில் அளந்து ஊற்றப்படும் 'றம்' சாராயத்தை எவ்வாறு கடனுக்கும் கைம்மாற்றுக்கும் நாணயம்போல வழங்கினர் — இவையே அவற்றின் பொருள். அந்தச் சாராயப் பங்கீட்டைப் பிரித்தானியக் கடற்படை 1970ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாளுடன் நிறுத்தியது.

விமானிகள் எழுதிய நூல்களும் உள. கீழைக் கடற்படையில் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த 'இலஸ்ட்ரியஸ்' கப்பலின் விமானி நோர்மன் ஹான்சன் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவ்வகையிற் பெயர் பெற்றது. ஆனால் விமானியின் கண்ணுக்குக் கப்பல் என்பது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உரிய ஒரு தளம். அத்தளத்தை இயக்குவோர் யாவர்? இறங்கும் விமானத்தின் கொக்கி மாட்டும் கம்பியைக் கவனிப்பவன் ஒருவன். கையில் மட்டைகளை ஏந்தி, 'உயர், தாழ்' எனச் சைகை காட்டுபவன் ஒருவன். நின்ற விமானத்தைத் தோள்கொடுத்துத் தள்ளுவோர் பலர். எண்ணெய் ஊற்றுவோர், குண்டு பூட்டுவோர், கொதிகலன் காப்போர், உருளைக்கிழங்கு உரிப்போர், துணி வெளுப்போர். ஒருவன் பறப்பதற்குப் பலர் தரையில் நிற்க வேண்டும். விமானந் தாங்கிக் கப்பல் என்பது உண்மையில் கடலில் மிதக்கும் ஒரு தொழிற்சாலை. அதன் நினைவுகளை வீரக்கதையாக வாசிப்பதைவிட உழைப்பின் இலக்கியமாக வாசிப்பதே பொருத்தம் என நாம் கருதுகின்றோம்.

இவ்வகையில் எமக்குக் கிடைத்தவற்றுள் தலைசிறந்தது அல்வின் கேர்னன் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலாகும். ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலைப்பண்ணையில் வளர்ந்த இவர், கல்லூரிக்குச் செல்லப் பணமின்றிக் கடற்படையிற் சேர்ந்தவர். 'என்ரர்பிரைஸ்' கப்பலில் விமானங்களுக்குக் குண்டும் நீர்மூழ்கிக் கணையும் பூட்டும் பணி அவருக்கு வாய்த்தது. போரின் பின் படித்துப் பட்டம்பெற்று, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களில் இலக்கியப் பேராசிரியராய் விளங்கினார். கீழ்த்தளத்து மனிதன் ஒருவனே இலக்கியத் திறனாய்வாளனும் ஆனமை அரிதினும் அரிது. சூதாட்டம், சலிப்பு, நெருக்கம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையே நின்ற சுவர் ஆகியவற்றை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். 1942 யூன் மாதம் மிட்வேச் சமரில், நீர்மூழ்கிக் கணை சுமந்து சென்ற விமானங்களிற் பெரும்பாலானவை திரும்பவில்லை. பழைய விமானங்களையும் பழுதான கணைகளையும் கொடுத்து மனிதரை அனுப்பிய பொறுப்பு யாருடையது என்பதை, முதுமையில், 2005ஆம் ஆண்டில், அவர் தனி நூலாகவே ஆராய்ந்தார். நினைவு என்பது ஏக்கமாக மட்டும் முடிய வேண்டியதில்லை. அது விசாரணையாகவும் வளரலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காட்டுவோம். கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய யப்பானிய விமானப் படைக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிடா. அவர் ஒக்குமியாவுடன் சேர்ந்து எழுதிய மிட்வே பற்றிய நூல் 1951ஆம் ஆண்டில் யப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து, நெடுங்காலம் வேதவாக்காகக் கொள்ளப்பட்டது. அதில், எரியும் 'ஹிரியூ' கப்பலை விட்டு நீங்க மறுத்துத் தளபதி யமகுச்சி உயிர்துறந்த காட்சி காவிய நயத்தோடு சொல்லப்படுகிறது. அதே கப்பலின் கீழே, இயந்திர அறையில், உழைப்பாளர் சிலர் உயிரோடு இருந்தனர். தொடர்பு அறுந்தமையால் அவர்கள் இறந்துவிட்டதாகக் கருதி ஏனையோர் கப்பலைக் கைவிட்டனர். அவர்கள் தாமே வழி திறந்து மேலேறி வந்தபோது கப்பலில் எவரும் இல்லை. படகொன்றில் ஏறி நெடுநாள் மிதந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் அமெரிக்கக் கப்பலாற் சிறைபிடிக்கப்பட்டு உயிர்தப்பினர். தளபதியின் சாவு காவியமாயிற்று. இயந்திர அறையாரின் வாழ்வு அடிக்குறிப்பாயிற்று. புச்சிடாவின் கூற்றுகள் பலவும் பொருந்தாதவை என்பதை, 2005ஆம் ஆண்டில் பார்ஷல், ரலி என்னும் இருவர் யப்பானியப் பதிவேடுகளைக் கொண்டே நிறுவினர். மேல்தளத்து நினைவு அழகாக இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது.

இங்கே எம் நண்பர் சிலர் குறுக்கிடக்கூடும். ஏகாதிபத்தியக் கடற்படையின் சிப்பாய் வெயிலில் வெந்தாலென்ன, உப்புநீரிற் குளித்தாலென்ன, எமக்கென்ன என்பர். இது முற்போக்கு நோக்கு அன்று, சோம்பல் நோக்கு. சிப்பாயின் சீருடையை மட்டும் பார்த்து, அதனுள் இருக்கும் ஏழை விவசாயியின் மகனைப் பாராது விடுவது, அவனை அனுப்பியவனின் பார்வையையே நாமும் ஏற்றுக்கொள்வதாகும்.

மாணவனின் வினாவுக்கு இப்போது திரும்பலாம். சோறு சிறிய விடயமா? 1905ஆம் ஆண்டு யூன் மாதம் ரசியாவின் 'பொட்டெம்கின்' கப்பலிற் கலகம் வெடித்தது புழு நெளிந்த இறைச்சியை உண்ண மறுத்ததனாலேயே. 1946ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் பம்பாயின் 'தல்வார்' தளத்தில் இந்தியக் கடற்படையினர் வேலைநிறுத்தம் தொடங்கியபோதும், உண்ணத் தகாத உணவும், மேலதிகாரியின் இனவெறிச் சொற்களும், வெள்ளையர்க்கு ஒன்றும் இந்தியர்க்கு ஒன்றுமாக இருந்த சம்பளமுமே முதற் காரணங்கள். சில நாள்களுள் அது கராச்சி முதல் பல துறைமுகங்களுக்கும் பரவியது. பம்பாய்த் தெருக்களில் தொழிலாளர் அவர்களுக்காக எழுந்து நின்று குண்டடிபட்டனர். அதிற் பங்குகொண்ட பி. சி. தத் 1971ஆம் ஆண்டில் தம் நினைவுகளை நூலாக்கினார். அதற்கு முன்னரே, 1965ஆம் ஆண்டில், உத்பல் தத் அந்நிகழ்ச்சியை வைத்து 'கல்லோல்' என்னும் வங்க நாடகத்தைக் கல்கத்தாவில் மேடையேற்றினார்; அவ்வாண்டிலேயே சிறைப்படுத்தவும் பட்டார். கடற்படையாளனின் சோற்றுத் தட்டு அரசாங்கத்தை அச்சுறுத்தும் பொருளாக இருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் முதிய சிப்பாய்களின் நினைவுகளில் அதே உணவு வேடிக்கையாகத் தோன்றுவதேன்? இவ்விடத்திலேதான் திறனாய்வாளனின் பணி தொடங்குகிறது. இருபது வயதில் முறைப்பாடாக இருந்தது எண்பது வயதிற் சிரிப்பாக மாறுகிறது. மாவிற் கிடந்த வண்டு அன்று அவமானம்; இன்று பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கதை. தப்பிப் பிழைத்தவன் தன் இளமையை வெறுக்க விரும்புவதில்லை; அவனை நாம் குறைகூற முடியாது. ஆனால் அச்சிரிப்பைச் சிரிப்பாகவே வாங்கி அச்சிட்டு விற்பவரைக் குறைகூறலாம். நினைவு நூலை வாசிப்பவன், ஒவ்வொரு வேடிக்கையின் அடியிலும் ஒரு முறைப்பாடு கிடக்கிறதா எனத் தேடி வாசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நினைவுக் குறிப்பு எழுதுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். பின்னர் எழுத்தறிவும் ஓய்வும் வேண்டும். கேட்பதற்கு ஆளும் வேண்டும். ரெக்சஸ் மாநிலத்துக் குத்தகை விவசாயியின் மகனான டோரிஸ் மில்லர் கறுப்பினத்தவர். அக்காலத்து அமெரிக்கக் கடற்படையிற் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாறும் பணியே விதிக்கப்பட்டிருந்தது. பேர்ள் துறைமுகத் தாக்குதலின்போது, பழக்கப்படாத துப்பாக்கியைப் பிடித்துச் சுட்ட அவருக்கு, 1942 மே 27ஆம் நாள் 'என்ரர்பிரைஸ்' கப்பலின் தளத்திலே பதக்கம் அணிவிக்கப்பட்டது. பின்னரும் அவர் சமையற் பிரிவிலேயே இருந்தார். 1943 நவம்பர் 24ஆம் நாள் 'லிஸ்கம் பே' என்னும் சிறிய விமானந் தாங்கிக் கப்பல் மூழ்கியபோது, அதனோடு அவரும் மறைந்தார். அவர் நினைவு நூல் எழுதவில்லை. விமானந் தாங்கிக் கப்பலொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்படும் என 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

குரல் கிடைக்காதோர் கப்பலில் மட்டுமா இருந்தனர்? 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தபின், நேசநாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே பெருந்துணை. மரம் பட்டுப்போகும் என்று தெரிந்தும், அளவுக்கு மீறிப் பட்டை வெட்டிப் பாலெடுக்கும்படி பணிக்கப்பட்ட காலம் அது. மாத்தளை மாவட்டத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் இருந்தன. விமானத்தின் சக்கரத்துக்கு இறப்பர் வேண்டும்; எண்ணெய்க் குழாய்க்கு வேண்டும்; கடலில் விழுந்தவன் பற்றிக்கொள்ளும் மிதவைக்கும் வேண்டும். தளத்தில் இறங்கிய விமானம் முதலில் தொட்டது ஒரு தோட்டத் தொழிலாளியின் உழைப்பை எனின் அது வெறும் அணிநயம் அன்று.

கப்பலில் ஊதுகொம்பு ஒலிக்கையில் தோட்டத்தில் தப்பு அடிக்கப்பட்டது. அங்கே தளத்தில் அணிவகுப்பு. இங்கே பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடல். அங்கே நெருக்கமாகக் கட்டிய தொங்கு படுக்கைகள். இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒரு குடும்பம். இரண்டையும் ஆண்டது ஒரே பேரரசு. ஆனால் கடற்படையாளனுக்குப் போர் முடிந்தபின் ஓய்வூதியமும் நினைவுத் தூணும் இருந்தன. பால் வெட்டியவனுக்கும் கொழுந்து பறித்தவளுக்கும் கிடைத்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அச்சட்டத்தால் அவர்களிற் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். உலகப்போரின் வரலாற்றில் இவர்களுக்கு ஓர் இடம் உண்டு என எந்த நினைவு நூலும் சொல்லவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் வாழ்வையும் வாய்மொழிப் பாடல்களையும் பதிந்து வைத்திராவிடின் இன்று எமக்குக் கிடைத்திருப்பதும் கிடைத்திராது. தென்கிழக்காசியப் போரைத் தமிழிற் கொண்டுவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' தனித்து நிற்கிறது. இலங்கைக் கரையின் 1942ஐக் கொண்டுவர அத்தகைய நாவல் இன்னும் எழவில்லை.

நினைவைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அதனை விற்பாரும் உளர். இந்தியாவின் முதல் விமானந் தாங்கிக் கப்பலான 'விக்கிராந்த்' 1961ஆம் ஆண்டிற் படையிற் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் போரின்போது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்தது. முழு வேகம் எடுக்க இயலாது. அந்நிலையிலும் அது வங்கக் கடலிற் போரிட்டது. விரிசல் விட்ட கொதிகலனோடு கப்பலை ஓட்டிய கீழறையாரின் துணிவு, மேலே பறந்த விமானியின் துணிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 1997ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அக்கப்பல் பம்பாயிற் சில காலம் அருங்காட்சியகமாக இருந்தபின், 2014ஆம் ஆண்டில் உடைப்போர் கைக்குப் போயிற்று. 2016ஆம் ஆண்டில் அதன் இரும்பு கலந்த மோட்டார்ச் சைக்கிள் சந்தைக்கு வந்தது. கப்பலின் நினைவு விளம்பர வாசகமாயிற்று. கொதிகலன் காத்தவனின் பெயரை அவ்விளம்பரம் கேட்கவில்லை.

ஆகவே எமது முடிவு இது. விமானந் தாங்கிக் கப்பல்களின் முதிய சிப்பாய்கள் விட்டுச்சென்ற நினைவுகள், அவற்றின் சோறு, தூக்கம், சலிப்பு, சிரிப்பு அனைத்தோடும், மதிக்கத்தக்க இலக்கியம். தளபதிகளின் நூல்கள் மறைத்ததை அவை காட்டுகின்றன. ஆனால் அவையும் கப்பலின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. கரை அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரையின் கதையைச் சொல்ல வேண்டியவர் நாம்.

காலம் குறைவு. 1942ஆம் ஆண்டில் பத்து வயதாயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். மட்டக்களப்பு மீனவக் குடும்பங்களில், திருகோணமலைத் துறைமுகத்தில் உழைத்தோரின் வீடுகளில், மாத்தளைத் தோட்டத்து லயங்களில் அத்தகைய முதியோர் சிலரேனும் இருப்பர். அவர்களைத் தேடிச் செல்லும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கொப்பியும் மூன்று வினாக்களும் போதும். அன்று என்ன வேலை செய்தீர்கள்? எங்கே படுத்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?

சண்டைக்குள்ளேயும் சாப்பாட்டைத்தானா நினைத்தார்கள் எனக் கேட்ட மாணவனிடம் நாம் சென்ற வாரம் இதனையே சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தன் பாட்டியின் தாய் இன்னும் உயிரோடு இருப்பதாகவும், அவர் சிறுவயதிற் பால் வெட்டும் மலைக்கு வாளி சுமந்தவர் என்றும் கூறினான். விடுமுறையிற் போய்க் கேட்டு எழுதிவருமாறு சொல்லியிருக்கின்றோம்.